டிஜிட்டல் பியானோவுக்கு ஹெட்போன் வாங்கப் போகிறீர்களா?

கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் அடுத்து வாங்கும் பொருள் பெரும்பாலும் பிரிண்டராக இருந்தது ஒரு காலம். இப்போது படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் பிரிண்டருக்கு முன்பே மியூசிக் கீபோர்டோ டிஜிட்டல் பியானோவோ வந்து விடுகிறது. பாடம் யூடியூப்பில் கிடைக்கிறது. கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டே வாசித்துப் பழகலாம். ஆனால் கருவி வந்து ஒரு வாரம் கழித்துத்தான் வீட்டில் பிரச்சினை ஆரம்பிக்கும். பிள்ளைக்கு நேரம் கிடைப்பது இரவில்; மற்றவர்கள் தூங்க வேண்டியதும் இரவில். அப்போதுதான் 'ஒரு ஹெட்போன் வாங்கினால் என்ன?' என்ற யோசனை வரும்.

தங்கச்சிமடத்தில் விசைப்படகில் தொழிலுக்குப் போகும் என் நண்பர் வீட்டிலும் இதுதான் நடந்தது. கடலுக்குப் போகும் நாளில் அவர் விடியும் முன்பே எழுந்து டோக்கன் வாங்கக் கிளம்ப வேண்டும். ஆகவே முந்தின இரவு எட்டு மணிக்கெல்லாம் படுத்தாக வேண்டும். மகள் ஒன்பதாம் வகுப்பு. கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிறாள். பள்ளி, ட்யூஷன் எல்லாம் முடிந்து அவள் பியானோ முன்னால் உட்காரும்போது மணி எட்டரை. 'அண்ணே, புள்ளையத் திட்டவும் மனசு வரல, தூக்கமும் வரல' என்றார் நண்பர்.

நான் உடனே பெரிய மனிதத் தோரணையில், கண்ணில் பட்ட ஒரு புளூடூத் ஹெட்போனை வாங்கிக் கொடுத்தேன். அட்டைப்பெட்டியில் 'எக்ஸ்ட்ரா பாஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பார்க்கவும் ஜோராக இருந்தது. இரண்டு நாளில் அந்தப் பெண் போன் செய்தாள். 'பெரியப்பா, பியானோவில புளூடூத்தில பாட்டு மட்டும்தான் வாங்குது, ஹெட்போனுக்கு அனுப்ப மாட்டேங்குது. அதனால கம்ப்யூட்டர்ல பியானோ சாஃப்ட்வேர் போட்டு அது வழியா கேட்டேன். நான் கட்டையைத் தட்டினதுக்கு அப்புறம்தான் சத்தம் வருது!'

அவள் சொன்ன இரண்டுமே உண்மை. இரண்டுமே வாங்குவதற்கு முன் எனக்குத் தெரிந்திருக்க வேண்டியவை. உங்கள் பணமும் அப்படி வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

சத்தம் ஏன் பிந்தி வருகிறது?

புளூடூத் வழியாக ஒலி அப்படியே போவதில்லை. முதலில் அதைச் சுருக்கி, சிறு சிறு பொட்டலங்களாக அனுப்பி, ஹெட்போனுக்குள் மீண்டும் விரித்து ஒலியாக்க வேண்டும். சாதாரண புளூடூத் ஹெட்போன்களில் இந்த வேலைக்கு 150 முதல் 250 மில்லி செகண்டு வரை ஆகிறது. கால் செகண்டு கூட இல்லையே என்று நினைக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒலி காற்றில் ஒரு செகண்டுக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 200 மில்லி செகண்டு என்றால் 68 மீட்டர். ராமேஸ்வரம் ராமநாதசுவாமி கோயிலின் வெளிப்பிரகாரம் வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ 640 அடி நீளம். அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான தூரத்தில் பியானோவின் ஸ்பீக்கரை வைத்து விட்டு, இந்த முனையில் உட்கார்ந்து வாசிப்பதைப் போன்றது இது. யாரால் தாளம் பிடிக்க முடியும்?

'அதே ஹெட்போனில் சினிமா பார்க்கிறேன், உதடும் வசனமும் சரியாகத்தானே இருக்கிறது?' என்று கேட்பீர்கள். அங்கே பிளேயர் சாஃப்ட்வேர் படத்தையும் அதே அளவு பிந்த வைத்துச் சமாளித்து விடுகிறது. உங்கள் விரலைப் பிந்த வைக்க எந்த சாஃப்ட்வேராலும் முடியாது. 'கேமிங் மோடு' உள்ள ஹெட்போன்களில் தாமதம் குறையும். ஆனால் அனுப்பும் கருவியும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். பியானோவில் 'புளூடூத் ஆடியோ' என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் செல்போனிலிருந்து பாட்டை வாங்கி பியானோ ஸ்பீக்கரில் ஒலிப்பதற்கு மட்டுமே. எனவே முதல் முடிவு சுலபமானது: பியானோவுக்கு வயர் உள்ள ஹெட்போன்தான். வயர் உள்ளதையே கம்ப்யூட்டரிலும் சொருகிப் பாட்டுக் கேட்கலாம். இரண்டு வாங்கத் தேவையில்லை.

காதின் மேலா, காதைச் சுற்றியா?

கடையில் இரண்டு வகை பெரிய ஹெட்போன்கள் இருக்கும். ஒன்று காது மடலின் மேல் அழுத்தி உட்காருவது. சோனியின் எம்டிஆர்-இசட்எக்ஸ்110 இந்த ரகம். விலை குறைவு, வீட்டில் பாட்டுக் கேட்க மோசமில்லை. ஆனால் முக்கால் மணி நேரப் பயிற்சிக்குள் காது வலிக்க ஆரம்பிக்கும். வயரும் 1.2 மீட்டர்தான், பல பியானோக்களில் ஜாக் பின்பக்கம் இருப்பதால் தலையை நிமிர்த்தினாலே இழுக்கும். இன்னொன்று, காதை முழுவதும் சுற்றி மூடுவது. பியானோவுக்கு இதுதான் தேவை. 2 முதல் 3 மீட்டர் வயர் இருக்கட்டும்.

இதிலும் மூடிய வகை, திறந்த வகை என்று உண்டு. திறந்த வகையில் பின்புறம் வலை போல் இருக்கும். காற்று புகும், வியர்வை குறையும், பியானோ ஒலி அறையில் கேட்பது போல இயல்பாக இருக்கும். ஆனால் உள்ளே ஒலிப்பது வெளியேயும் கசியும், வெளியே ஒலிப்பது உள்ளேயும் வரும். தனி அறை உள்ளவர்களுக்கு இது சுகம். நண்பர் வீட்டில் ஒரே கூடம். ஒரு பக்கம் ஃபேன் சத்தம், தெருவில் ஒலிபெருக்கி, மூன்றடி தள்ளி அப்பா தூங்குகிறார். அங்கே மூடிய வகையைத் தவிர வேறு வழியில்லை.

பாஸ் அதிகமாக இருந்தால் நல்லதுதானே?

இல்லை! புதிதாக வாங்குபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

88 கட்டைகள் உள்ள பியானோவில் இடது கோடியில் உள்ள கட்டையின் சுருதி 27.5 ஹெர்ட்ஸ், வலது கோடியில் உள்ளது 4186 ஹெர்ட்ஸ். இடது கை வாசிக்கும் பகுதி பெரும்பாலும், பாஸ் ஹெட்போன்கள் தூக்கிக் காட்டும் பகுதியிலேயே விழுகிறது. அதனால் இடது கை லேசாகத் தொட்டாலும் 'தும்' என்று கேட்கும். வலது கையின் மெட்டு அதற்குள் அமுங்கிப் போகும். வாசிக்கும் பிள்ளை என்ன செய்யும்? தன்னை அறியாமலே இடது கையை மெதுவாகவும் வலது கையை ஓங்கியும் தட்டப் பழகி விடும். ஹெட்போனில் சரியாகக் கேட்கும். கோயிலில் உள்ள கீபோர்டில், பெரிய ஸ்பீக்கரில் அதே கையோடு வாசித்தால் இடது கை காணாமல் போயிருக்கும். மாஸ்டர் திட்டுவார். பிள்ளைக்கு ஏன் என்றே புரியாது. ஹெட்போன் போட்டுப் பழகுகிறவருக்கு அதுவும் பியானோவின் ஒரு பாகம்தான். அது பொய் சொன்னால் விரலும் பொய் கற்றுக்கொள்ளும்.

ஆகவே 'எக்ஸ்ட்ரா பாஸ்', 'மெகா பாஸ்' என்று எழுதியவற்றைத் தவிர்த்து விடுங்கள். 'ஸ்டூடியோ', 'மானிட்டர்' என்று எழுதியவை பொதுவாக ஒலியைக் கூட்டாமல் குறைக்காமல் தர முயல்பவை. (பொதுவாகத்தான்! வெறும் ஸ்டிக்கராக ஒட்டுபவர்களும் உண்டு.) கடையில் சோதிக்க ஒரு வழி: பியானோ மட்டும் உள்ள ஒரு இசைப் பதிவை செல்போனில் கொண்டு போங்கள். இடது கைச் சுரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரே முழக்கமாகக் கேட்டால் அது வேண்டாம். பழைய பாட்டை வைத்து இடம் வலம் சோதிக்காதீர்கள். தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் படப்பாடல்கள் இளையராஜாவின் 'ப்ரியா' (1978) என்று சொல்வார்கள். அதற்கு முந்தைய பாடல்கள் பெரும்பாலும் மோனோ என்பதால் நடு மண்டையில்தான் ஒலிக்கும். அது ஹெட்போனின் குறையல்ல.

இடம் வலம் பற்றி இன்னொன்று. டிஜிட்டல் பியானோக்களில் பெரும்பாலும் கனத்த சுரங்கள் இடது காதுக்கும் மெல்லிய சுரங்கள் வலது காதுக்கும் சாய்வாக வருமாறு பதிவு செய்திருப்பார்கள். ஹெட்போனை மாற்றி மாட்டினால் இடது கை வலது பக்கம் கேட்கும், மனம் குழம்பும். ஒரு பக்கம் மட்டும் வயர் உள்ள ஹெட்போன்களில் அது பெரும்பாலும் இடது பக்கம்தான்.

பெட்டியில் உள்ள எண்கள்

'20 - 20,000 ஹெர்ட்ஸ்' என்பதை எல்லாக் கம்பெனியும் போடும்; அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. 'ஓம்' என்ற எண்ணை மட்டும் பாருங்கள். பியானோ, லேப்டாப், செல்போன் இவற்றின் ஜாக் அதிக சக்தி தராது. 24 முதல் 80 ஓம் வரை உள்ளவை இவற்றில் போதுமான சத்தத்தோடு ஒலிக்கும். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ போன்ற சில ஹெட்போன்கள் 32, 80, 250 ஓம் என்று பல ரகமாக வருகின்றன. தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று 250 ஓம் ரகத்தை வாங்கினால் சத்தம் போதாமல் தவிப்பீர்கள்.

பிளக்கில்தான் இருக்கிறது வினை

லேப்டாப், செல்போன் ஜாக் 3.5 மி.மீ. பல பியானோக்களில் 6.3 மி.மீ. பெரிய ஜாக் இருக்கும். சிலவற்றில் சின்னதும் உண்டு. வாங்கும் முன் உங்கள் கருவியின் பின்புறத்தையோ முன் விளிம்பையோ பார்த்து விடுங்கள். சின்ன பிளக்கைப் பெரிய ஜாக்கில் சொருக அடாப்டர் வேண்டும். அந்த அடாப்டரில் இரண்டு கறுப்பு வளையங்கள் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே வளையம் என்றால் அது மோனோ. ஒரு காதில் மட்டும் கேட்டு, 'ஹெட்போன் போச்சு' என்று நினைத்து விடுவீர்கள்.

மைக் உள்ள ஹெட்செட்டுகளின் பிளக்கில் மூன்று வளையங்கள் இருக்கும். பியானோவிலும் அவை பெரும்பாலும் வேலை செய்யும். சில ஜாக்குகளில் மட்டும் கிரவுண்ட் இணைப்பு சரியாகச் சேராது. அப்போது பாட்டில் பாடகர் குரல் மட்டும் காணாமல் போய், பின்னணி இசை குகைக்குள் ஒலிப்பது போலக் கேட்கும். பிளக்கை ஒரு நூல் அளவு வெளியே இழுத்தால் சரியாகும். அப்படி இருந்தால் அந்தக் கருவிக்கு அந்த ஹெட்செட் ஆகாது.

உப்புக் காற்று

மதுரைக்காரருக்கும் கோவைக்காரருக்கும் மேலே சொன்னதோடு முடிந்தது. மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் பாதி இருக்கிறது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோகங்கள் எப்படி அரிக்கின்றன என்று சோதிக்க நிலையம் வைத்திருப்பது மண்டபத்தில். 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில்களை நிறுத்த வேண்டி வந்தது; 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத கம்பிகளும் விசேஷ பெயின்ட்டும் போட்டிருக்கிறார்கள். இரும்புப் பாலத்துக்கே இந்தக் கதி என்றால் தலைமுடி கனத்துக்கு இருக்கும் ஹெட்போன் வயர் எம்மாத்திரம்?

இங்கே முதலில் கெடுவது பிளக். வெள்ளை பூத்து, பிறகு பச்சைக் களிம்பு ஏறி, கரகரவென்று சத்தம் வரும். முலாம் தங்க நிறத்தில் உள்ள பிளக் கொஞ்சம் அதிக நாள் தாங்கும். மாதம் ஒருமுறை கருவியை ஆஃப் செய்து விட்டு, பிளக்கை நாலைந்து தடவை சொருகி எடுங்கள். செல்போன் சர்வீஸ் கடைகளில் போர்டு துடைக்க வைத்திருக்கும் ஐபிஏ திரவத்தைச் சிறிது பஞ்சில் நனைத்துத் துடைத்தால் போதும். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். தூசியும் உப்பும் அதில்தான் ஒட்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் முலாம் போய், அடுத்த மழைக்காலத்திலேயே பிளக் முடிந்து விடும்.

இரண்டாவதாகக் கெடுவது காது மெத்தை. விலை குறைந்த ஹெட்போன்களில் ரெக்சின் போன்ற உறைதான் இருக்கும். ஈரக் காற்றும் வியர்வையும் சேர்ந்து ஓரிரு வருடத்தில் அது கறுப்புச் செதிலாக உதிர ஆரம்பிக்கும். பிள்ளையின் கன்னமெல்லாம் கறுப்புப் பொட்டு. எனவே மெத்தை தனியாகக் கிடைக்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். பனியன் துணியில் உறை தைத்து மாட்டலாம். ஒலி இம்மி மாறும், பரவாயில்லை. நண்பர் மனைவி அப்படித்தான் நாலு உறை தைத்து, வாரம் ஒன்று துவைக்கிறார். வாசித்து முடித்ததும் ஹெட்போனை ஜன்னல் கம்பியில் தொங்க விடாமல், மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில், செருப்புப் பெட்டியிலும் மாத்திரை டப்பாவிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு வையுங்கள்.

எதை வாங்கலாம்?

2000 முதல் 5000 ரூபாய் வரை ஒதுக்க முடிந்தால் நல்ல ஹெட்போன் கிடைக்கும். சென்ஹைசர் எச்டி 206 மூடிய வகை, 24 ஓம், 3 மீட்டர் வயர். இந்த வரிசையில் விலை குறைந்தது. ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்20எக்ஸ் மூடிய வகை, 47 ஓம், 190 கிராம் எடை, 3 மீட்டர் வயர், 6.3 மி.மீ. அடாப்டரும் கூடவே வரும். என் ஓட்டு இதற்குத்தான். குறை, வயரைக் கழற்ற முடியாது. அதே குடும்பத்தின் எம்40எக்ஸில் கழற்றி மாட்டலாம். விலை கூடும், ஆனால் வயர் போனால் வயரை மட்டும் வாங்கலாம் என்பதால் கடலோரத்தில் அது நியாயமான செலவு. 1991-லிருந்து விற்பனையில் இருக்கும் சோனி எம்டிஆர்-7506 ஸ்டூடியோக்களில் பெயர் பெற்றது. நம் பட்ஜெட்டைத் தாண்டும். தனி அறை உள்ளவர்கள் பாதி திறந்த வகையான சூப்பர்லக்ஸ் எச்டி681-ஐப் பார்க்கலாம்.

பிரபலமான மாடல்களுக்குப் போலிகள் தாராளமாக உலவுகின்றன. பாதி விலையில் கிடைத்தால் சந்தேகப்படுங்கள்; பில்லும் வாரன்டியும் கேட்டு வாங்குங்கள். பியானோவோடு சொருகிப் பார்த்து வாங்கும் வசதி ராமநாதபுரம் பக்கத்தில் குறைவு. மதுரை போக முடியாமல் ஆன்லைனில் வாங்கினால், வந்த அன்றே பியானோ, கம்ப்யூட்டர் இரண்டிலும் ஒரு மணி நேரம் மாட்டிக் கேட்டு விடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு தாண்டினால் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொரு விஷயமும் உண்டு. எங்கள் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக் குடும்பங்களில் கையில் காசு புரளாது. அந்த நேரத்தில் கேட்டால் நான் சொல்வது: அவசரப்பட்டு 500 ரூபாய் ஹெட்போன் வாங்காதீர்கள். செல்போனோடு வந்த பழைய வயர் இயர்போன் இருந்தால் அடாப்டர் மட்டும் வாங்கி அதிலேயே இரண்டு மாதம் ஓட்டுங்கள். பாஸ் ஹெட்போனை விட அது எவ்வளவோ மேல்.

கம்ப்யூட்டர் பாடமும் பியானோவும் ஒரே ஹெட்போனில்

யூடியூப் பாடம் கம்ப்யூட்டரில், வாசிப்பு பியானோவில். இரண்டையும் ஒன்றாகக் கேட்பது எப்படி? பியானோவின் பின்புறம் 'ஆக்ஸ் இன்' அல்லது 'ஆடியோ இன்' என்று ஒரு துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், இரு முனையிலும் அதற்கேற்ற பிளக் உள்ள கேபிளால் கம்ப்யூட்டரின் ஹெட்போன் ஜாக்கை அதோடு இணையுங்கள். ஹெட்போன் பியானோவிலேயே இருக்கட்டும். வாத்தியார் குரலும் உங்கள் வாசிப்பும் கலந்து கேட்கும். 'உம்ம்' என்று இரைச்சல் வந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் நின்று விடும். ஆக்ஸ் இல்லாமல் பியானோவில் புளூடூத் ஆடியோ இருந்தால் பாடத்தின் ஒலியை அதன் வழியே அனுப்பலாம். பாடம் பிந்தி வந்தால் நஷ்டமில்லை, விரலின் ஒலி பிந்தாமல் இருந்தால் போதும்.

கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்கும்போது விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய் உங்கள் ஹெட்போனைக் கிளிக் செய்து, 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்பதை ஆஃப் செய்யுங்கள். நல்ல ஹெட்போன் வாங்கி விட்டு சாஃப்ட்வேரில் பாஸை ஏற்றுவானேன்?

காது ஒன்றுதான்

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75 டெசிபல் அளவில் 40 மணி நேரம் என்று வரம்பு சொல்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். பெரியவருக்கே 90 டெசிபல் என்றால் வாரம் 4 மணி நேரம்தான். வீட்டில் டெசிபல் மீட்டர் இருக்காது. ஃபேன் ஓடும்போது, பிள்ளை ஹெட்போன் மாட்டி வாசிக்கும்போதே ஒரு கை தூரத்திலிருந்து சாதாரணக் குரலில் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வால்யூமைக் குறைத்து, அந்த இடத்தில் பியானோவின் வால்யூம் குமிழ் அருகே நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்து விடுங்கள். அதற்கு மேல் திருப்பக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

நண்பர் வீட்டுக்கு எம்20எக்ஸ் வாங்கிக் கொடுத்தேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் இருக்கும்போது இரவு போன். 'அண்ணே, பியானோ செத்துப் போச்சு. லைட் எரியுது, சத்தமே வரல. புள்ள அழுவுது.' ஹெட்போனைக் கழற்றினாளா என்று கேட்டேன். கழற்றி விட்டாளாம். 'பின்னாடி அந்தத் தடிச்ச அடாப்டர் இருக்கா பாருங்க' என்றேன். அது மட்டும் பியானோவிலேயே இருந்தது! ஜாக்கில் எது சொருகியிருந்தாலும் ஹெட்போன்தான் இருக்கிறது என்று நினைத்துக் கருவி ஸ்பீக்கரை அணைத்து விடும். அவர் அதைப் பிடுங்கியதும் அந்தப் பக்கம் பியானோ ஒலி போனிலேயே கேட்டது. மணி பத்தரை. 'சரிண்ணே, இப்ப மறுபடி அதச் சொருகிரவா? காலைல கடலுக்குப் போகணும்' என்றார்.